மதுரையில் சிறு கம்பெனி நடத்துகிறவர்களே, உங்கள் அன்றாடச் சாமான்கள் என்ன? நின்றுபோனால் யார் திறக்கிறார்கள்?

தென்கரை (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். மண்ணில் உள்ள ஈரத்தை அளந்து, எப்போது தண்ணீர் பாய்ச்சலாம் என்று விவசாயியின் போனுக்குச் சொல்கிற ஒரு சிறு கருவியைச் செய்கிறோம். ஆபீஸ் மதுரைக்குள், வாடகை மாடி. கருவிகள் நிற்பது மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டிப் பக்கத்துத் தோட்டங்களில்.

ஸ்டார்ட்அப் நடத்துகிறவரிடம் என்னென்ன கருவி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால் ஆப் பெயர்களாகவே வருகிறது. எங்களுக்கு அது ஒரே வரியில் முடிந்துவிடும்: கணக்குக்கு டேலி, பேச்சுக்கு வாட்ஸ்அப், பணத்துக்கு யூபிஐ, சர்க்யூட் வரைய கீகேட். நான் பேச நினைப்பது கையால் தொடுகிற சாமான்களைப் பற்றி. ஃபேன், இன்வெர்ட்டர், லேப்டாப், வண்டி, பிரிண்டர், மத்தியானச் சாப்பாடு வருகிற பாத்திரம். எங்கள் கரன்ட் பில்லும் குப்பையும் இவற்றிலிருந்துதான் வருகின்றன.

எதை வாங்கினாலும் நான் முதலில் கேட்பது, "இது நின்றுபோனால் மதுரையில் யார் திறப்பார்?" பதில் இல்லாத பொருள் எத்தனை நட்சத்திரம் ஒட்டி வந்தாலும் சீக்கிரமே மூலையில் கிடக்கிறது. இந்த ஊருக்கு ஒரு பெரிய பலம் உண்டு. மாசி வீதிகளைச் சுற்றி ஒரு நடை போனால் மிக்ஸி, மோட்டார், தராசு, போன் என்று எதையாவது பிரித்துப்போட்டு உட்கார்ந்திருக்கிறவர்களைப் பார்க்கலாம். பெங்களூரில் இருக்கும் நண்பர்கள் புதிது வாங்குகிற இடத்தில் நாங்கள் சரிபண்ணிக்கொள்கிறோம். நாங்கள் செய்கிற பசுமை வேலைகளில் பெரியது இதுதான் என்று உறுதியாக நம்புகிறேன்.

லேப்டாப் எல்லாமே செகண்ட் ஹேண்ட். கம்பெனிகள் மொத்தமாகக் கழித்துவிடுகிற தடித்த மாடல்கள். அடியில் உள்ள திருகுகளைக் கழற்றினால் ராம், ஹார்ட் டிஸ்க், பேட்டரி எல்லாம் கைக்கு வரும். இன்வெர்ட்டருக்கு இன்னும் லெட் ஆசிட் ட்யூபுலர் பேட்டரிதான். லித்தியம் எடை குறைவு, டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டாம், ஆயுளும் அதிகம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பழைய லெட் ஆசிட் பேட்டரியைக் கடைக்காரரே விலை போட்டுக் கழித்துக்கொள்கிறார். செத்துப்போன லித்தியம் பேக்கைக் கேட்டு வாங்கிக்கொள்கிறவர் யாரையும் நான் இந்த ஊரில் பார்க்கவில்லை.

இனி ஆதங்கம். மாதாந்திரப் பராமரிப்பு என்று ஒரு பகல் முழுக்கக் கரன்ட் இருக்காது. மேலே மொட்டை மாடியில் வெயில் கொளுத்துகிறது. ஆனால் ஒரு சோலார் பேனல் வைக்க முடியவில்லை. பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்று கிலோவாட்டோ அதற்கு மேலோ போனால் 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு. அது வீட்டு இணைப்புக்கு மட்டும். எங்களுடையது வணிக இணைப்பு. கட்டடம் வாடகை. நாளைக்கே காலி பண்ணச் சொன்னால் பேனலையும் தாங்கியையும் எங்கே கொண்டு போவது? இங்கிருந்து இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம் கமுதிக்கு. அங்கே 2016-இலிருந்து 648 மெகாவாட் சோலார் நிலையம் ஓடுகிறது. அதே வெயில்தான் எங்கள் மாடியிலும் விழுகிறது.

உங்கள் பக்கத்தில் எப்படி? என்ன வைத்திருக்கிறீர்கள், எதை விட்டுவிட்டீர்கள்? விலாவாரியாக எழுதுங்கள்.

சிம்மக்கல் சர்வீஸ்

தம்பி, நான் இருபக்கமும் பார்க்கிறவன். சரிபண்ணுகிறதுதான் தொழில். நீங்கள் கேட்கிற கேள்வியைக் கடையில் வாங்கும்போது யாருமே கேட்பதில்லை. எங்களிடம் வரும்போதுதான் கேட்கிறார்கள்.

லேப்டாப்பில் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். இப்போது வருகிற மெல்லிய மாடல்களில் ராமைப் போர்டோடு சால்டர் பண்ணிவிடுகிறார்கள். பேட்டரியைப் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். அதைப் பிளேடு போட்டு நெம்பி எடுப்பது ஆபத்து; செல் கிழிந்தால் தீப்பிடிக்கும். வாங்குவதற்கு முன்னால் அந்த மாடலின் சர்வீஸ் மேனுவல் நெட்டில் கிடைக்கிறதா என்று பாருங்கள். கிடைத்தால் பெரும்பாலும் திறக்க முடிகிற மெஷின்தான். மத்திய அரசு 2022 டிசம்பரில் பழுது பார்க்கும் உரிமைக்கென ஒரு இணையதளம் தொடங்கியது. சில கம்பெனிகளின் மேனுவல், உதிரிபாகத் தகவல் அதில் இருக்கும். ஆனால் தகவல் இருந்து என்ன, பார்ட் கையில் கிடைத்தால்தானே எனக்கு வேலை.

ஃபேனைப் பற்றி நீங்கள் எழுதவில்லையே?

தென்கரை

வேண்டுமென்றேதான் விட்டேன் அண்ணே. அதில் எனக்கே இன்னும் முடிவு வரவில்லை. பழைய ஃபேன்கள்தான் ஓடுகின்றன. நின்றால் கண்டென்சர் மாற்றினால் போதும், சத்தம் போட்டால் பேரிங். தெருமுனை எலக்ட்ரீஷியனே செய்துவிடுகிறார். கரன்ட் குறைவாக இழுக்கிற, உள்ளே எலக்ட்ரானிக் போர்டு வைத்த பிஎல்டிசி ஃபேனுக்கு மாறச் சொல்கிறார்கள். அதன் போர்டு போனால் யார் பார்ப்பது என்ற யோசனையில் நிற்கிறேன்.

வடபழஞ்சி நெட்

இங்கேதான் உங்கள் கேள்வி தடம் மாறுகிறது என்று நினைக்கிறேன். கணக்குப் போடுவோம்.

பழைய சீலிங் ஃபேன் சுமார் 75 வாட் இழுக்கும். பிஎல்டிசி 30 வாட் பக்கம். வித்தியாசம் 45 வாட். ஆபீசில் நாளுக்கு 10 மணி நேரம், வருடம் 300 நாள் என்றால் ஒரு ஃபேனுக்கு 135 யூனிட். ஐந்து ஃபேனுக்கு 675 யூனிட். இதை வணிகக் கட்டணத்தில் கட்டுகிறீர்கள். வீட்டுக்குக் கிடைக்கிற 100 யூனிட் இலவசமும் உங்களுக்குக் கிடையாது. காலாகாலத்துக்கும் சரிபண்ண முடிகிற ஃபேன் என்பது காலாகாலத்துக்கும் இரண்டு மடங்குக்கு மேல் கரன்ட் குடிக்கிற ஃபேனும்கூட.

இன்னொன்று. பவர்கட்டில் இதே ஐந்து ஃபேனும் இன்வெர்ட்டரில் ஓடுகின்றன. 375 வாட்டுக்குப் பதில் 150 வாட் என்றால் அதே பேட்டரி எவ்வளவு நேரம் கூடுதலாகத் தாங்கும் என்று பாருங்கள். ஆழமாக வடியாததால் பேட்டரியும் நீடிக்கும். ஒரு பேட்டரி ஒரு வருடம் தள்ளி மாறினால் அதுவும் சேமிப்புதான்.

எல்லாப் பொருளுக்கும் ஒரே கேள்வி ஒத்து வராது. நாள் முழுக்க ஓடுகிற சாமானுக்கு வாட் முக்கியம். லேப்டாப் மாதிரி சாமானுக்கு, அதைச் செய்யும்போதே பெரும்பகுதிப் பாதிப்பு நடந்துமுடிந்துவிடுவதால், ஆயுள் முக்கியம். ஏசி வைத்திருக்கிறவர்களுக்கும் இதே விஷயம்தான். 2020-இலிருந்து நட்சத்திர லேபிள் ஏசிகள் 24 டிகிரியில் தொடங்கும்படி வருகின்றன. அதை 18-க்கு இறக்கிவிட்டு எவ்வளவு நல்ல ஏசி வாங்கியும் பயனில்லை.

சிம்மக்கல் சர்வீஸ்

நெட் தம்பி சொல்வது சரி, ஆனால் முழுசாகச் சரியில்லை. பிஎல்டிசி ஃபேன் எங்களிடம் வருவது பெரும்பாலும் போர்டு எரிந்துதான். மின்னல், வோல்டேஜ் ஏற்றம், ஜெனரேட்டர் மாற்றும்போது வருகிற இழுப்பு. சில கம்பெனிகள் போர்டு முழுக்க ரெசின் ஊற்றி மூடிவிடுகிறார்கள். அதைச் சுரண்டி எடுத்துப் பார்க்கவே முடியாது. சில கம்பெனியில் மேல் கிண்ணத்துக்குள் போர்டு தனியாக, நான்கு திருகில் கழன்றுவிடும். கெப்பாசிட்டர், மாஸ்ஃபெட் மாதிரி ஒரு சிறு பாகத்தை மாற்றினால் ஓடிவிடும். போர்டு மட்டும் தனியாகவும் விற்கிறார்கள்.

ஆகவே தென்கரைத் தம்பி, பிஎல்டிசி வாங்குங்கள். கிண்ணத்தைக் கழற்றிக் காட்டச் சொல்லி வாங்குங்கள். மெயினில், வோல்டேஜ் ஏற்றத்தைத் தடுக்கிற ஒரு சர்ஜ் ப்ரொடெக்டர் போடுங்கள். கழற்றுகிற பழைய ஃபேனை எடைக்குப் போட்டுவிடுங்கள், உள்ளே இருக்கிற செம்புக் காயிலுக்கு நல்ல விலை வரும். அதை "உபயோகப்படுமே" என்று வேறு ரூமில் மாட்டினீர்கள் என்றால் மிச்சம் ஒன்றுமில்லை.

தென்கரை

இப்படிப் பிரித்துப் பார்க்கும்போது தெளிவாக இருக்கிறது. ரெசின் விஷயம் யாரும் சொன்னதில்லை. ஃபேன் மாற்றுகிறேன். என் கேள்வியை மட்டும் விடமாட்டேன்; கிண்ணத்தைக் கழற்றிக் காட்டச் சொல்வதும் அதே கேள்விதான்.

திருநகர் கணக்கு

கொஞ்சம் தாமதமாக வருகிறேன். சின்னக் கம்பெனிகளுக்குக் கணக்குப் பார்க்கிறவள். நீங்கள் எல்லாம் வாட்டிலேயே நிற்கிறீர்கள், நான் காகிதத்தில் ஆரம்பிக்கிறேன்.

தெர்மல் ரோல் பில்லைப் பழைய பேப்பர்க்காரர் கட்டோடு சேர்க்காதீர்கள். அதன் மேல் பூசியிருக்கும் ரசாயனம் மறுசுழற்சிக் கூழில் கலந்துவிடும். போதாததற்கு எழுத்து மங்கிவிடும். வரிக் கணக்குக்கு வருடக்கணக்கில் வைத்திருக்க வேண்டிய பில் வெள்ளைத் தாளாகக் கிடக்கும். வாங்கிய அன்றே போனில் போட்டோ எடுத்து மாத வாரியாகப் போட்டு வையுங்கள். ஜிஎஸ்டி எல்லாமே நெட்டில் தாக்கல் ஆகிறது. அதையும் பிரிண்ட் எடுத்து ஃபைல் போடுகிற பழக்கம் மட்டும் இன்னும் போகவில்லை. மாதம் 20-ஆம் தேதி நெருங்கினால் போர்ட்டல் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்தப் பயத்தில்தான் பாதிப் பேர் பிரிண்ட் எடுக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

சாப்பாடு. 2019 ஜனவரி 1-இலிருந்து தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடுகிற பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை. சாப்பாடு கட்டுகிற பிளாஸ்டிக் தாளும், பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. வாழை இலை வந்துவிட்டது, நல்லது. ஆனால் சாம்பாரும் சட்னியும் இன்னும் கவரில்தான் வருகின்றன. எங்கள் ஆபீசில் நான்கு அடுக்கு கேரியர் இரண்டும் தூக்குவாளி ஒன்றும் வைத்திருக்கிறோம். யார் சாப்பாடு வாங்கப் போகிறார்களோ அவர்கள் எடுத்துப்போக வேண்டும். பாத்திரம் கொண்டுபோனால் சாம்பார் ஒரு கரண்டி கூடவே விழும், அதை நானே பார்த்திருக்கிறேன். ஆப்பில் ஆர்டர் போட்டால் இது நடக்காது. நடந்து போகிற தூரத்தில் கடை இருக்கும்போது ஆப் எதற்கு? டீக்கும் அப்படித்தான், ஃபிளாஸ்க் போகும், ஆளுக்கொரு கண்ணாடி டம்ளர் இங்கே இருக்கும்.

துணிப்பை வேண்டுமென்றால் புதுமண்டபத்தில் தைத்துக்கொண்டிருந்தவர்கள் இப்போது குன்னத்தூர் சத்திரத்தில் இருக்கிறார்கள். துணியை எடுத்துக்கொண்டு போனால் சொன்ன அளவில் தைத்துத் தருவார்கள். மீண்டும் மஞ்சப்பை என்று 2021 டிசம்பரில் அரசு ஆரம்பித்த பிறகு பையைக் கையில் வைத்திருப்பதில் யாருக்கும் கூச்சமில்லை. உங்கள் கருவியை அப்படி ஒரு பையில் போட்டு விவசாயிக்குக் கொடுங்களேன். விதை வாங்கப் போகும்போது அந்தப் பை கூடவே போகும்.

சென்னைக்கு யாராவது மீட்டிங் என்றால் விமான டிக்கெட்டை நான் பாஸ் பண்ணுவதில்லை. ராத்திரி பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் சென்னை. பகலில் போக வைகை இருக்கிறது, 1977-இலிருந்து ஓடுகிற வண்டி.

தென்கரை

பை யோசனை ரொம்பப் பிடித்தது அக்கா. இப்போது அட்டைப்பெட்டிக்குள் பழைய தினத்தாள் கசக்கி வைத்து அனுப்புகிறோம். நேரில் கொண்டுபோய்க் கொடுக்கிற இடங்களுக்குப் பையே போதும்.

ரயில் எங்களுக்கும் பெரிய உதவி. போடி பாதை 2010 கடைசியில் அகலப்பாதை வேலைக்காக நின்றது. 2022 மே மாதம் தேனி வரைக்கும், 2023 ஜூனில் போடி வரைக்கும் திரும்ப ஓட ஆரம்பித்தது. உசிலம்பட்டி, ஆண்டிபட்டிப் பக்கம் போகிற பையன்கள் டூல் பேக்கோடு அதில் ஏறிவிடுகிறார்கள். இறங்கிய பிறகு தோட்டம் வரைக்கும் விவசாயி வண்டி. நேரம் ஒத்து வராத நாளில்தான் பைக்.

மின்சார ஸ்கூட்டர் ஒன்றும் இருக்கிறது. ஊருக்குள் ஓடுவதற்கு அருமை, பெட்ரோல் செலவு கிட்டத்தட்ட நின்றுவிட்டது. ஆனால் கன்ட்ரோலர் கோளாறு என்றால் வெளியூருக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. மதுரையில் பெட்ரோல் வண்டியைப் பிரித்து மாட்டத் தெரிந்த கைகள் எத்தனை இருக்கின்றன! அந்தக் கைகளுக்கு இந்த வண்டியின் வயரிங் படத்தையும் சாஃப்ட்வேரையும் கொடுக்க மாட்டேன் என்கிறார்கள். எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது இதில்தான்.

மேலூர் கரும்பு

எல்லாரும் ஆபீசைப் பற்றிப் பேசுகிறீர்கள். உங்கள் கருவி நிற்பது எங்கள் வயலில். அதைப் பற்றி நான் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம் தம்பி.

உங்களுடையதா வேறு ஆளுடையதா என்று சொல்லவில்லை, என் தோட்டத்தில் இப்படி ஒரு கருவி இருந்தது. முதல் கோடையிலேயே பேட்டரி உப்பிவிட்டது. பெட்டியை ஒட்டி சீல் வைத்திருந்தார்கள். திறந்தால் வாரண்டி இல்லை. ஆள் வந்து எடுத்துப் போய் வேறு பெட்டி கொடுத்தார்கள். அடுத்து எலி வயரைக் கடித்தது. அதற்கும் முழுப் பெட்டியையும் மாற்றினார்கள். கிணற்று மோட்டார் நின்றால் நானே ஸ்டார்ட்டரைத் திறந்து கான்டாக்ட் தேய்த்துப் போடுவேன். இந்தப் பெட்டியில் எனக்கு எந்த உரிமையும் இல்லையா? மதுரையில் யார் திறப்பார் என்று கேட்கிறீர்களே, மேலூரில் யார் திறப்பார் என்றும் கேளுங்கள்.

தென்கரை

ஐயா, இந்த இழையில் எனக்கு மிக முக்கியமான பதிவு உங்களுடையதுதான். என்ன செய்கிறோம் என்று சொல்கிறேன், குறை இருந்தால் சொல்லுங்கள்.

செல் உப்புவதற்குக் காரணம் சூடு. சாதாரண லித்தியம் அயன் செல்லை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. சித்திரை வெயிலில் நிழலே 40 டிகிரியைத் தொடும்; வெயிலில் நிற்கிற கறுப்புப் பெட்டிக்குள் அதைவிட எவ்வளவோ ஏறிவிடும். அதே நேரத்தில்தான் சோலார் தகடு முழு வேகத்தில் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருக்கும். ஆகவே எல்எஃப்பி எனப்படும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்லுக்கு வந்துவிட்டோம். அதே அளவு செல்லில் சேமிப்பு குறைவு, வோல்டேஜும் குறைவு. ஆனால் சூட்டை நன்றாகத் தாங்கும், பல மடங்கு தடவை சார்ஜ் ஏறி இறங்கும். எங்கள் கருவி அவ்வப்போது விழித்து, அனுமதி தேவைப்படாத 865 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒரு சிறு செய்தியை அனுப்பிவிட்டுத் தூங்கிவிடும். அதற்கு இந்தச் சேமிப்பு தாராளம். பெட்டி வெள்ளை நிறம், தகட்டின் நிழலிலேயே பெட்டி இருக்கும்படி மாட்டுகிறோம்.

பெட்டிக்கு நான்கு திருகு, சாதாரண ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் போதும். தண்ணீர் போகாமல் ரப்பர் வளையம். செல் ஹோல்டரில் உட்காரும், டார்ச்சில் போடுகிற மாதிரி. தலைகீழாகப் போட்டாலும் போர்டு எரியாமல் பாதுகாப்பு வைத்திருக்கிறோம். வயர் பெட்டிக்கு வெளியே ஒரு கனெக்டரில் முடியும். எலி கடித்தால் வயரை மட்டும் மாற்றலாம். எலிக்கு இரும்புக் குழாய்க்குள் வயரை விடுவதைத் தவிர வேறு நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. திறந்தால் வாரண்டி போகும் என்ற பேச்சே கிடையாது.

மேலூர் கரும்பு

ஹோல்டரில் துரு பிடிக்குமே. உரத் தண்ணீர் ஆவி எல்லாம் அடிக்கும்.

தென்கரை

பிடிக்கும் ஐயா. ஹோல்டர் இல்லாமல் செல்லை வெல்ட் பண்ணினால் துரு பிரச்சினை குறையும், ஆனால் நீங்கள் மாற்ற முடியாது. இரண்டில் ஒன்றுதான். நிக்கல் பூசிய ஹோல்டர் போட்டு, கொஞ்சம் கிரீஸ் தடவி அனுப்புகிறோம். மழைக்காலம் முடிந்ததும் ஒரு தடவை திறந்து துடைத்துவிடுங்கள்.

அவனியாபுரம்

இவ்வளவு நேரம் படித்தேன். எல்லாரும் சரிபண்ணுவதைப் பேசுகிறீர்கள், சரிபண்ணவே முடியாமல் போன பிறகு அது எங்கே போகிறது என்று யாரும் பேசவில்லை. நான் வெள்ளைக்கல் குப்பைக் கிடங்குப் பக்கம் குடியிருக்கிறவன். எங்கள் காற்றில்தான் அது வருகிறது.

பழைய இரும்புக் கடைக்குப் போடுங்கள் என்று சிம்மக்கல் அண்ணன் சுலபமாகச் சொல்லிவிட்டார். ஃபேன் காயிலுக்குச் சரி. ஆனால் செம்புக்காக வயரை எரிக்கிறார்கள். மேல் உறை பிவிசி; எரிந்தால் வருகிற புகையில் டையாக்சின் என்ற நச்சு இருக்கிறது. போர்டை ஆசிடில் போடுகிறவர்களும் உண்டு. லெட் ஆசிட் பேட்டரி திரும்பப் போவது நல்ல ஏற்பாடு என்று எழுதியிருக்கிறீர்கள். டீலரிடம் கொடுத்து அவர் முறையான ஆலைக்கு அனுப்பினால் நல்லது. நூறு ரூபாய் கூடக் கிடைக்கிறதே என்று தெருவில் கொடுத்தால் யாரோ கொல்லைப்புறத்தில் ஈயம் உருக்குவார்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளை அதைச் சுவாசிக்கும். பேட்டரிக்கு 2022-இல் தனி விதிகள் வந்துவிட்டன. மின்னணுக் கழிவு விதிகள் 2023 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருக்கின்றன. தயாரிப்பவர்கள் திரும்ப எடுக்க வேண்டும் என்கின்றன. தென்கரை, நீங்களும் தயாரிப்பாளர்தான். உங்கள் செத்த செல் எங்கே?

தென்கரை

நியாயமான கேள்வி. வயலில் மாற்றிய செல்லைத் திரும்ப வாங்காமல் புதுச் செல் கொடுப்பதில்லை. திரும்பி வந்தவை முனைகளில் டேப் ஒட்டி, மணல் போட்ட இரும்பு டப்பாவில் ஆபீசில் இருக்கின்றன. உடைந்த போர்டுகள் தனியாக. பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனங்களில் நான் விசாரித்தவை சென்னைப் பக்கம்தான் இருக்கின்றன. குறைந்தது இவ்வளவு எடை இருந்தால்தான் வண்டி அனுப்புவோம் என்கிறார்கள். எங்களிடம் இருப்பது ஒரு டப்பாதான். இந்த ஊரின் சிறு கம்பெனிகளுக்கு இது பொதுவான முட்டுக்கட்டை என்று தெரிகிறது. நம் எல்லாரிடமும் இருப்பதை ஒன்று சேர்த்தால் அந்த எடை வந்துவிடாதா?

வடபழஞ்சி நெட்

எங்கள் ஆபீசில் செத்த யூபிஎஸ், கீபோர்டு, சுவிட்ச் என்று ஒரு அறையே அடைந்து கிடக்கிறது. தருகிறோம்.

சிம்மக்கல் சர்வீஸ்

என் கடையில் உப்பிய போன் பேட்டரி மட்டும் ஒரு வாளி இருக்கும். பழைய பேப்பர்க்காரர் எடுக்க மாட்டேன் என்கிறார், எனக்கும் ராத்திரி பூட்டிவிட்டுப் போகும்போது பயமாகத்தான் இருக்கிறது. அவனியாபுரத்துத் தம்பி சொன்னது எனக்கும் சேர்த்துத்தான். பக்கத்துக் கடைகளிலும் கேட்டுச் சொல்கிறேன்.

திருநகர் கணக்கு

யார் எத்தனை கிலோ கொடுத்தார்கள் என்ற கணக்கை நான் வைத்துக்கொள்கிறேன். கொடுத்ததற்கான சான்றிதழ் அந்த நிறுவனத்திடமிருந்து கட்டாயம் வாங்க வேண்டும், அது இல்லாமல் வண்டியில் ஏற்றாதீர்கள். பேட்டரியையும் போர்டையும் கலக்கக் கூடாது.

அவனியாபுரம்

சேர்த்து வைக்க இடம் வேண்டுமே? உப்பிய பேட்டரி வாளியை வீட்டுக்குள்ளோ கடைக்குள்ளோ வைக்கக் கூடாது. தகரக் கூரை வெயிலும் ஆகாது.

தென்கரை

எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் காலியாக ஒரு பைக் ஷெட் இருக்கிறது. மூன்று பக்கமும் திறப்பு, மேலே கான்கிரீட். வீட்டுக்காரரிடம் இன்று மாலை பேசுகிறேன். சோலாருக்கு ஒத்துக்கொள்ளாதவர்தான், இதற்கு ஒத்துக்கொள்வார் என்று நம்புகிறேன். மணலும் இரும்பு டிரம்மும் என் பொறுப்பு. தன்னிடம் இருக்கிற எடையைத் தோராயமாக ஒவ்வொருவரும் இங்கே எழுதுங்கள். மொத்தம் தெரிந்ததும் நிறுவனத்துக்குப் போன் பண்ணுகிறேன்.

மேலூர் கரும்பு

உப்பிய அந்தப் பழைய செல் என்னிடம் ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஒத்தக்கடைக்கு வருகிறேன், அங்கே யாராவது வாங்கிக்கொள்கிறீர்களா?

தென்கரை

நானே வருகிறேன் ஐயா. அதுவரைக்கும் டேப் ஒட்டி, வைக்கோல் போரிலிருந்து தள்ளி வையுங்கள்.